கடலடியில் இன்னும் கண்டறியப்படாத எண்ணெயை மதிப்பிடுவது எப்படி: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சிங்கப்பூர் தன் நிலத்திலிருந்தோ கடலிலிருந்தோ கச்சா எண்ணெய் எடுக்கும் நாடு அன்று. ஆனாலும் 1961-இல் புலாவ் புக்கோமில் முதல் சுத்திகரிப்பு ஆலை திறக்கப்பட்ட நாளிலிருந்து எண்ணெய்த் தொழிலின் பல இழைகள் இந்தத் தீவின் வழியாகவே ஓடுகின்றன. துளையிடும் மேடைகள் இங்குள்ள கப்பல் பட்டறைகளில் கட்டப்பட்டு வந்திருக்கின்றன. ஜூரோங் தீவில் எண்ணெய் சுத்திகரிக்கப்படுகிறது. சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையில் இடம்பெறும் எண்ணெய் நிறுவனங்கள் தங்கள் வளங்களைப் பற்றித் தகுதிபெற்ற வல்லுநர் ஒருவரின் அறிக்கையை வெளியிட வேண்டியிருக்கிறது. இந்தப் பணியிடங்களில் தமிழர் பலர் இருக்கிறார்கள். ஆயினும், கடலுக்கடியில் யாரும் பார்த்திராத எண்ணெய்க்கு எப்படி ஓர் எண்ணைச் சொல்கிறார்கள் என்ற கேள்விக்குத் தமிழில் படித்துத் தெரிந்துகொள்ள அதிகம் கிடைப்பதில்லை. தொடக்கக் கல்லூரி அளவிலான கணிதமும் விரிதாள் பயன்படுத்தும் பழக்கமும் உள்ளவர்கள், தாங்களே ஒரு மதிப்பீட்டைச் செய்து பார்க்கும் அளவுக்கு இந்தக் கட்டுரை கொண்டுசெல்லும்.

முதல் படி: எதை எண்ணுகிறோம் என்று தீர்மானித்தல்

பெட்ரோலியப் பொறியாளர்களின் பன்னாட்டு வகைப்பாடு ஒன்று 2007-இல் வெளியாகி 2018-இல் திருத்தப்பட்டது. அதன்படி எண்ணெய் மூன்று கூடைகளில் வைக்கப்படுகிறது. கிணறு தோண்டிக் கண்டறிந்து, இலாபத்துடன் எடுக்க முடியும் என்று உறுதியானது இருப்பு. கண்டறியப்பட்டும் விலை, தொழில்நுட்பம், அனுமதி போன்ற ஏதோ ஒன்றுக்காகக் காத்திருப்பது நிபந்தனைக்குட்பட்ட வளம். இன்னும் ஒரு கிணறுகூட எட்டாத இடத்தில் இருக்கக்கூடும் என்று கருதப்படுவது எதிர்பார்ப்பு வளம். இக்கட்டுரை பேசுவது மூன்றாவதைப் பற்றி மட்டுமே. ஒரு நிறுவனத்தின் அறிக்கையில் பெரிய எண் ஒன்று கண்ணில் பட்டால், அது எந்தக் கூடையைச் சேர்ந்தது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மூன்றையும் கூட்டி ஒரே எண்ணாகச் சொல்லும் அறிக்கையை நான் நம்புவதில்லை.

இரண்டாம் படி: பாறையைப் புரிந்துகொள்ளுதல்

எந்தச் சமன்பாட்டுக்கும் முன்னால் நிலவியல் வர வேண்டும். எண்ணெய் ஓரிடத்தில் தேங்குவதற்குச் சில நிபந்தனைகள் ஒருசேர அமைய வேண்டும். உயிரினச் சிதைவுகள் நிறைந்த மூலப்பாறை போதிய அளவு வெப்பமடைந்து எண்ணெயை உருவாக்கியிருக்க வேண்டும். அந்த எண்ணெய் நகர்ந்து வந்து தங்குவதற்கு நுண்துளைகள் கொண்ட தேக்கப்பாறை வேண்டும். அது மேலும் நகர்ந்து போகாதபடி கவிழ்த்து வைத்த கிண்ணம் போன்ற பொறியமைப்பு வேண்டும். அதன்மேல் கசியாத மூடுபாறை வேண்டும். எண்ணெய் வந்து சேர்வதற்கு முன்பே பொறியமைப்பு உருவாகியிருக்கவும் வேண்டும்.

கடலில் இவற்றை அறிய முதன்மையான வழி நில அதிர்வு ஆய்வு. கப்பலிலிருந்து ஒலி அலைகளை அனுப்பி, பாறை அடுக்குகளில் பட்டுத் திரும்பும் எதிரொலியைப் பதிவு செய்கிறார்கள். இங்கே ஒரு நுட்பத்தைப் புதியவர்கள் கவனிக்கத் தவறுகிறார்கள். ஆய்வு அளப்பது நேரத்தை; நமக்கு வேண்டியதோ ஆழம். ஒன்றை மற்றொன்றாக மாற்றப் பாறைக்குள் ஒலியின் வேகம் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் கிணறு இல்லாத இடத்தில் அந்த வேகமே ஓர் ஊகம். வேகத்தில் சில விழுக்காடு பிழை ஏற்பட்டால் கூடக் கிண்ணத்தின் விளிம்பு ஆழம் மாறி, அதற்குள் அடங்கும் பரப்பு பெரிதும் கூடவோ குறையவோ செய்யும். பின்னால் கணக்குப் போடும்போது பரப்புக்கு ஏன் அவ்வளவு அகன்ற வீச்சு தருகிறோம் என்பதற்கு இதுவே காரணம்.

மூன்றாம் படி: கன அளவுச் சமன்பாடு

சமன்பாடு எளிமையானது. பரப்பையும் தேக்கப்பாறையின் நிகரத் தடிமனையும் (எண்ணெய் தங்கக்கூடிய பகுதியின் தடிமன் மட்டும்) பெருக்கினால் பாறையின் கன அளவு கிடைக்கும். பொறியமைப்பின் ஓரங்கள் சரிந்திருப்பதால் அதை ஓர் உருவக் காரணியால் குறைக்க வேண்டும். பின்னர் நுண்துளை விகிதத்தால் பெருக்கினால் துளைகளின் கன அளவு. அந்தத் துளைகளில் நீர் போக எண்ணெய் நிறைந்திருக்கும் விகிதத்தால் பெருக்கினால் நிலத்தடி எண்ணெயின் கன அளவு. ஆழத்தில் எண்ணெயில் கரைந்திருக்கும் வாயு மேலே வரும்போது பிரிந்துவிடுவதால் எண்ணெய் சுருங்கும். அதற்காகச் சுருக்கக் காரணியால் வகுக்க வேண்டும். கடைசியாக, பாறையில் உள்ளது முழுவதையும் எடுக்க முடியாது என்பதால் மீட்பு விகிதத்தால் பெருக்க வேண்டும். ஒரு கன மீட்டர் என்பது 6.29 பீப்பாய்.

எண்களை இட்டுப் பார்ப்போம். இவை கற்பனைப் பொறியமைப்பு ஒன்றுக்காக நான் எடுத்துக்கொண்டவை. பரப்பு 20 சதுர கிலோமீட்டர், நிகரத் தடிமன் 25 மீட்டர், உருவக் காரணி 0.7. ஆக, பாறை 350 மில்லியன் கன மீட்டர். நுண்துளை விகிதம் 0.22 எனில் துளைகள் 77 மில்லியன். எண்ணெய்ச் செறிவு 0.70 எனில் சுமார் 54 மில்லியன். சுருக்கக் காரணி 1.3-ஆல் வகுத்துப் பீப்பாயாக மாற்றினால் சுமார் 261 மில்லியன் பீப்பாய். மீட்பு விகிதம் 0.30 எனில் எடுக்கக்கூடியது சுமார் 78 மில்லியன் பீப்பாய்.

இத்துடன் நிறுத்திக்கொண்டால் வேலை முடிந்தது போலத் தோன்றும். உண்மையில் வேலை இங்கிருந்துதான் தொடங்குகிறது, ஏனெனில் இட்ட எண்களில் ஒன்றைக்கூட நாம் நேரில் அளக்கவில்லை.

நான்காம் படி: ஒற்றை எண்ணுக்குப் பதில் வீச்சு

ஒவ்வோர் உள்ளீட்டுக்கும் மூன்று மதிப்புகளைக் கொடுங்கள். உண்மையான மதிப்பு இதைவிடக் கூடுதலாக இருக்க 90 விழுக்காடு வாய்ப்பு உண்டு என்று கருதும் தாழ்ந்த மதிப்பு பி90; சரிபாதி வாய்ப்புள்ளது பி50; 10 விழுக்காடு மட்டுமே வாய்ப்புள்ள உயர்ந்த மதிப்பு பி10. பெரிய எண்ணான 90 சிறிய அளவைக் குறிப்பது முதலில் குழப்பும், பழகிவிட்டால் சரியாகிவிடும்.

நம் எடுத்துக்காட்டில் பரப்புக்கு 10, 20, 40 சதுர கிலோமீட்டர். தடிமனுக்கு 15, 25, 42 மீட்டர். நுண்துளை விகிதத்துக்கு 0.18, 0.22, 0.27, எண்ணெய்ச் செறிவுக்கு 0.62, 0.70, 0.79, மீட்பு விகிதத்துக்கு 0.22, 0.30, 0.41 என்று கொள்வோம். உருவக் காரணியையும் சுருக்கக் காரணியையும் இப்போதைக்கு மாறாமல் வைத்துக்கொள்ளலாம்.

புதியவர்கள் பெரும்பாலும் செய்வது இதுதான்: தாழ்ந்த மதிப்புகள் அனைத்தையும் பெருக்கித் தாழ்ந்த விடை, உயர்ந்தவை அனைத்தையும் பெருக்கி உயர்ந்த விடை. அப்படிச் செய்தால் ஏறத்தாழ 12 மில்லியன் முதல் 498 மில்லியன் பீப்பாய் வரை ஒரு வீச்சு கிடைக்கும். இதை பி90, பி10 என்று சொல்வது தவறு. ஐந்து உள்ளீடுகளும் ஒன்றையொன்று சாராதவை எனில், ஐந்துமே ஒரே நேரத்தில் தத்தம் பி10 மதிப்பை எட்டும் வாய்ப்பு இலட்சத்தில் ஒன்று மட்டுமே.

சரியான வழி மாண்டி கார்லோ முறை: உள்ளீடுகளைச் சீரற்ற முறையில் தேர்ந்து, அதே கணக்கைப் பல்லாயிரம் முறை போட்டுப் பார்ப்பது. விரிதாளைத் திறந்து, ஐந்து உள்ளீடுகளுக்கும் ஐந்து நெடுவரிசைகளை ஒதுக்குங்கள். இத்தகைய அளவுகளுக்கு மடக்கை இயல்நிலைப் பரவல் (lognormal) பொருந்தும். பல அளவுகளைப் பெருக்கும்போது விடை தானாகவே அந்த வடிவத்தை நோக்கிச் செல்லும் என்பதும் அதற்கு ஒரு காரணம். அந்தப் பரவலுக்கு இரண்டு எண்கள் வேண்டும். முதலாவது, பி50 மதிப்பின் இயல் மடக்கை; பரப்புக்கு 20-இன் மடக்கை 2.996. இரண்டாவது திட்டவிலக்கம், பி10-ஐ பி50-ஆல் வகுத்து மடக்கை எடுத்து 1.28-ஆல் வகுத்தால் பரப்புக்கு 0.54 வரும். இனி, 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட சீரற்ற எண் ஒன்றை அவ்விரண்டு எண்களோடு சேர்த்து மடக்கை இயல்நிலைப் பரவலின் நேர்மாற்றுச் செயல்கூறுக்குள் (விரிதாளில் LOGNORM.INV) இட்டால் ஒரு பரப்பு கிடைக்கும். மற்ற நான்குக்கும் அவ்வாறே. ஆறாவது நெடுவரிசையில் சமன்பாட்டை எழுதி, வரிசையைப் பத்தாயிரம் முறை கீழே இழுத்து நிரப்புங்கள்.

நிரப்பிய பிறகு எண்ணெய்ச் செறிவின் நெடுவரிசையில் மிகப் பெரிய மதிப்பைத் தேடிப் பாருங்கள். பத்தாயிரத்தில் ஒன்றிரண்டு வரிசைகளில் அது 1-ஐத் தாண்டியிருக்கக்கூடும். துளையின் கொள்ளளவைவிட எண்ணெய் அதிகமாக இருக்க முடியாது. ஆகவே பரவலுக்கு மேல் வரம்பு ஒன்று இட வேண்டும். இது சிறு திருத்தம்தான், ஆனால் கணினி தருவதையெல்லாம் நிலவியலோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் இதிலிருந்துதான் வளரும்.

விடைகளை வரிசைப்படுத்தினால் பி90 சுமார் 30, பி50 சுமார் 78, பி10 சுமார் 201 மில்லியன் பீப்பாய் என்று வரும். சராசரி 100 மில்லியனைச் சற்றுத் தாண்டும். பரவல் வலப்பக்கம் நீண்டிருப்பதால் சராசரி எப்போதும் பி50-ஐவிடப் பெரிதாகவே இருக்கும். கணினி இல்லாமல் சரிபார்க்க எளிய விதி ஒன்றுண்டு: பி90-இன் 0.3 பங்கு, பி50-இன் 0.4 பங்கு, பி10-இன் 0.3 பங்கு ஆகியவற்றைக் கூட்டுங்கள். இங்கே 101 கிடைக்கிறது.

இந்தக் கணக்கிலிருந்து பெறக்கூடிய மிகப் பயனுள்ள பாடம் அந்த மூன்று எண்களில் இல்லை; விடையின் மாறுபாட்டுக்கு எந்த உள்ளீடு எவ்வளவு காரணம் என்பதில் இருக்கிறது. நம் எடுத்துக்காட்டில் பரப்பு மட்டுமே சுமார் 53 விழுக்காட்டுக்குக் காரணம், தடிமன் 30, மீட்பு விகிதம் 11. நுண்துளை விகிதமும் எண்ணெய்ச் செறிவும் சேர்ந்தே 6 விழுக்காட்டைச் சற்றுத்தான் தாண்டும். நுண்துளை விகிதத்தின் இரண்டாம் தசம இலக்கத்தைப் பற்றி மணிக்கணக்கில் விவாதித்துவிட்டு, ஆழ வரைபடத்தைச் சரிபார்க்காமல் விடுவது எவ்வளவு வீண் என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன. உழைப்பை எங்கே செலவிடுவது என்று சொல்வதற்காகவே மாதிரியை ஓட்ட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இன்னொன்றையும் சோதித்துப் பாருங்கள். பரப்பும் தடிமனும் ஒன்றையொன்று சாராதவை என்று கொண்டோம். பெரிய பொறியமைப்புகளில் எண்ணெய்த் தம்பத்தின் (பாறைக்குள் எண்ணெய் நிற்கும் பகுதியின்) உயரமும் கூடுதலாக இருப்பது இயல்பு. அவ்விரண்டுக்கும் இடையே 0.5 என்ற ஒட்டுறவை வைத்தால் பி50 மாறாது, ஆனால் வீச்சு 26 முதல் 239 மில்லியன் வரை அகலும்.

ஐந்தாம் படி: எண்ணெய் இருக்கும் வாய்ப்பு

மேலே போட்ட கணக்கு முழுவதும் "எண்ணெய் இருந்தால்" என்ற நிபந்தனைக்கு உட்பட்டது. இருக்குமா என்பது தனிக் கேள்வி. அதற்கு இரண்டாம் படியில் கண்ட நிபந்தனைகளுக்கு ஒவ்வொன்றாக நிகழ்தகவு தந்து பெருக்க வேண்டும். மூலப்பாறையும் எண்ணெய் வரவும் 0.8, தேக்கப்பாறை 0.7, பொறியமைப்பு 0.7, மூடுபாறை 0.6 எனில் பெருக்குத்தொகை சுமார் 0.235. நான்கும் தனித்தனியே பார்க்க நம்பிக்கையூட்டுகின்றன. சேர்த்துப் பார்த்தாலோ நான்கு கிணறுகளில் மூன்று வறண்டு போகும்.

ஒரே ஒரு நிபந்தனை தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 1983-இல் அலாஸ்காவின் போஃபோர்ட் கடலில் தோண்டிய முக்லுக் கிணற்றைவிடத் தெளிவான சான்று இல்லை. பெரிய பொறியமைப்பு, அருகிலேயே மாபெரும் புருதோ பே எண்ணெய் வயல், கிணற்றுக்கென்று கடலில் சரளைக்கல் தீவு ஒன்றே கட்டப்பட்டது. குத்தகைத் தொகையும் சேர்ந்து ஒரு பில்லியன் டாலருக்கும் மேல் செலவானது. கிணற்றில் கிடைத்தவை எண்ணெய்க்கறை படிந்த பாறைகள்: எண்ணெய் ஒரு காலத்தில் அங்கே இருந்து, பின்னர் கசிந்து போயிருந்தது. கன அளவின் வீச்சை எவ்வளவு நுட்பமாகக் கணக்கிட்டிருந்தாலும், மூடுபாறைக்குக் கொடுத்த நிகழ்தகவுதான் அங்கே முடிவைத் தீர்மானித்தது.

புதிய சான்று வரும்போது நிகழ்தகவைத் திருத்த பேய்ஸ் விதியைப் பயன்படுத்துங்கள். நில அதிர்வுப் படத்தில் பொறியமைப்பின்மேல் வழக்கத்துக்கு மாறான ஒளிர்வு தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். எண்ணெய் உள்ள இடங்களில் 70 விழுக்காட்டிலும், இல்லாத இடங்களில் 30 விழுக்காட்டிலும் அத்தகைய ஒளிர்வு தெரியும் எனில், 0.235 என்ற நிகழ்தகவு 0.42 ஆக உயரும். அதற்கு மேல் உயராது. மிகச் சிறிதளவு வாயு கலந்த நீர்கூட அதே ஒளிர்வைத் தரக்கூடும் என்பதால், இல்லாத இடங்களுக்கான அந்த 30 விழுக்காட்டைக் குறைத்து எழுதும் ஆசைக்கு இடம் கொடுக்கக் கூடாது.

இப்போது சராசரி 101-ஐ 0.235-ஆல் பெருக்கினால் சுமார் 24 மில்லியன் பீப்பாய் வரும். பல பொறியமைப்புகளை ஒப்பிட்டு முதலீட்டைப் பங்கிட இந்த எண் உதவும். ஆனால் இந்தக் கிணற்றில் 24 மில்லியன் கிடைக்கும் என்று அதற்குப் பொருளில்லை. ஒன்றுமே கிடைக்காமல் போகலாம், அல்லது பெரும்பாலும் 30 முதல் 201 மில்லியன் வரையிலான வீச்சில் ஏதோ ஓர் அளவு கிடைக்கலாம். அறிக்கை எழுதும்போது அளவையும் வாய்ப்பையும் கடைசி வரை தனித்தனியே காட்டுங்கள்.

ஆறாம் படி: பல பொறியமைப்புகளைச் சேர்த்தல்

ஒரே பகுதியில் இதே போன்ற பத்துப் பொறியமைப்புகள் உள்ளன என்று கொள்வோம். அவை ஒன்றையொன்று சாராதவை எனில் பத்தும் வறண்டு போகும் வாய்ப்பு 7 விழுக்காடுதான். ஆனால் பத்துக்கும் மூலப்பாறை ஒன்றே. அது எண்ணெயை உருவாக்கவில்லை எனில் பத்தும் ஒருசேர வீணாகும். மூலப்பாறைக்குரிய 0.8-ஐப் பொதுவாக வைத்து, மற்ற மூன்றையும் தனித்தனியே கணக்கிட்டால், அனைத்தும் வறளும் வாய்ப்பு 22 விழுக்காட்டுக்கு மேல் போகிறது. உள்ளீடு எதுவும் மாறவில்லை. எது பொது, எது தனி என்று பிரித்ததில்தான் ஆபத்து மும்மடங்கானது. பத்து இடங்களில் தோண்டுகிறோம், எனவே அபாயம் பரவிவிட்டது என்று சொல்பவரிடம் இந்தக் கணக்கைக் கேளுங்கள்.

ஏழாம் படி: படுகை முழுவதும்

இதுவரை ஏற்கெனவே வரைபடத்தில் தெரிகிற பொறியமைப்புகளைப் பார்த்தோம். ஒரு படுகையில், அதாவது படிவுப் பாறைகள் நிறைந்த பரந்த நிலத்தடிப் பள்ளத்தில், யாரும் இன்னும் வரையாதவற்றை மதிப்பிட வேறு மாதிரிகள் வேண்டும். 1958-இல் ஆர்ப்ஸ், ராபர்ட்ஸ் என்ற இருவர் அமெரிக்காவின் டென்வர் படுகைக்காக ஒரு முறையை உருவாக்கினார்கள். ஒரு வயல் கண்டறியப்படும் வாய்ப்பு அதன் பரப்புக்கு ஏற்ப இருக்கும் என்பது அதன் அடிப்படை. பெரியவை முதலில் அகப்படும், சிறியவை பின்னர். ஒவ்வோர் அளவு வகையிலும் இதுவரை தோண்டிய கிணறுகளையும் கண்ட வயல்களையும் வைத்து, மிச்சமிருப்பவற்றின் எண்ணிக்கையைக் கணக்கிடலாம். தோண்டிய கிணறுகளை வரிசையாகக் கிடையச்சிலும், அதுவரை கண்ட மொத்த எண்ணெயைச் செங்குத்தச்சிலும் குறித்தால், முதலில் செங்குத்தாக ஏறிப் பின்னர் படுத்துப்போகும் வளைவு கிடைக்கும். அந்த வளைவு எந்த உயரத்தில் சமதளமாகும் என்பதே படுகையின் மொத்த வளத்துக்கு ஒரு மதிப்பீடு.

அமெரிக்க நிலவியல் ஆய்வுத்துறை 2008-இல் வடதுருவப் பகுதிக்குச் சொன்ன மதிப்பீடும் நிகழ்தகவு வகையைச் சேர்ந்ததே: கண்டறியப்படாத எண்ணெய் சராசரியாக 90 பில்லியன் பீப்பாய். எண்ணெய், வாயு ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டதில் சுமார் 84 விழுக்காடு கடற்பகுதிகளில் உள்ளது என்றும் அது கருதியது. தொழில்நுட்ப அளவில் எடுக்கக்கூடியது என்பதே அதன் பொருள். பனிக்கடலில் எடுக்கும் செலவு அதில் கணக்கிடப்படவில்லை. அமெரிக்க நிலவியலாளர் ஹப்பர்ட் 1956-இல் வகுத்த மணிவடிவ உற்பத்தி வளைவும் புகழ்பெற்றதுதான். அமெரிக்க உற்பத்தி 1970-ஐ ஒட்டி உச்சம் தொடும் என்று அது சொன்னது பல பத்தாண்டுகள் சரியாகவே இருந்தது; 2018-இல்தான் உற்பத்தி அந்த உச்சத்தைத் தாண்டியது. எனினும் புதிதாக ஒரு கடற்பகுதியை மதிப்பிட அது அதிகம் பயன்படாது, ஏனெனில் அதற்கு நீண்ட உற்பத்தி வரலாறு தேவை.

இந்த வளைவுகளுக்கெல்லாம் பொதுவான வரம்பு ஒன்று உண்டு. இனி வருவது இதுவரை வந்ததைப் போலவே இருக்கும் என்று அவை கொள்கின்றன. நம் வட்டாரத்திலேயே அதற்கு எதிர்ச்சான்று இருக்கிறது. வியட்நாமின் பாக் ஹோ வயலில் 1975-இல் மோபில் நிறுவனம் மணற்பாறையில் எண்ணெயைக் கண்டது. பின்னர் 1980-களின் இறுதியில், அதற்கும் கீழே வெடிப்புற்ற கிரானைட் பாறையில்தான் பெருமளவு எண்ணெய் இருப்பது தெரிந்தது. சிங்கப்பூரின் புக்கிட் தீமாவில் நாம் காணும் கல்லின் இனத்தைச் சேர்ந்த பாறை அது. எண்ணெய் தங்கும் இடமாக அதை அக்காலத்தில் எளிதில் யாரும் எண்ணியிருக்கமாட்டார்கள். மணற்பாறை வயல்களை வைத்து வரைந்த எந்த வளைவும் அந்த எண்ணெயைக் காட்டியிருக்காது. ஆகவே புதிய வகைப் பாறை, புதிய ஆழம், புதிய தொழில்நுட்பம் என்று ஏதேனும் மாறும்போது பழைய வளைவை நீட்டாமல், புதிய வளைவு ஒன்றைத் தனியே தொடங்க வேண்டும்.

ஏலத்துக்கு முன் ஓர் எச்சரிக்கை

கடற்பகுதி உரிமங்கள் பெரும்பாலும் போட்டியில் வழங்கப்படுகின்றன. அட்லாண்டிக் ரிச்ஃபீல்ட் நிறுவனத்துப் பொறியாளர்கள் மூவர் 1971-இல் விளக்கியது இன்றும் பொருந்தும். ஒரே இடத்தைப் பலர் நேர்மையாகவே மதிப்பிட்டாலும், மிக அதிகமாக மதிப்பிட்டவரே ஏலத்தில் வெல்வார்; எனவே வென்றவரின் மதிப்பீடு உண்மையைவிடக் கூடுதலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். போட்டியாளர்கள் கூடக் கூட, கேட்கும் தொகையைக் குறைத்துக்கொள்வதே அறிவுடைமை. பங்கு வாங்குவோரும் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

பயிற்சிக்குத் தரவுகள்

நார்வே தன் கடற்பகுதியில் தோண்டப்பட்ட கிணறுகள், கண்டறியப்பட்ட வயல்கள் ஆகியவற்றின் விவரங்களை இணையத்தில் எல்லாருக்கும் திறந்து வைத்திருக்கிறது. வோல்வே என்ற வயலின் நிலத்தடித் தரவுகளை எக்வினார் நிறுவனம் 2018-இல் வெளியிட்டது. ஆழ வரைபடம் முதல் உற்பத்திப் பதிவு வரை அதில் பயிலலாம். தொடங்குபவர்களுக்கு நான் சொல்லும் முதல் பயிற்சி இது. நார்வேயின் வடகடல் வயல்களை 2009 இறுதிவரை மட்டும் எடுத்துக்கொண்டு ஏழாம் படியில் சொன்ன வளைவை வரையுங்கள்; மிச்சமிருப்பது எவ்வளவு, இனிக் கிடைக்கும் மிகப் பெரிய வயல் எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று பி90, பி50, பி10 மூன்றையும் எழுதி வையுங்கள். அதன் பிறகு, பல்லாண்டுகளாகத் தோண்டப்பட்டு வந்த அதே கடலில் 2010-இல் கண்டறியப்பட்ட யோஹான் ஸ்வெர்த்ருப் வயலைச் சேர்த்து, அதன் சுமார் 2.7 பில்லியன் பீப்பாய் உங்கள் வீச்சுக்குள் விழுகிறதா என்று பாருங்கள். விழவில்லை எனில், எந்த அனுமானம் வீச்சைக் குறுக்கியது என்று தேடி, அந்த இடத்திலிருந்து கணக்கை மறுபடியும் போடுங்கள்.